காலிப் பெட்டிதான் பேசணும்

"இறக்கட்டுமா தங்கச்சி?"

லாரி டிரைவர் பின்கதவைத் திறந்து விட்டுவிட்டு, பல்குத்தும் குச்சியை வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒதுக்கினார். உள்ளே கூரை முட்ட நீலப் பெட்டிகள். அத்தனையிலும் காரின் பக்கவாட்டில் மாட்டுகிற கண்ணாடிகள். அதுவும் எல்லாமே இடப்பக்கத்துக் கண்ணாடிகள்.

அவள் லாரியைப் பார்த்தாள். திரும்பி, கார்கள் வரிசையாக நகர்ந்து வரும் லைனின் ஓரத்தில் இருந்த இரும்பு அடுக்கைப் பார்த்தாள். அடுக்கு ஏற்கெனவே நிறைந்திருந்தது. அங்கே இன்னொரு கண்ணாடி வைக்க வேண்டுமென்றால் யாராவது தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"அண்ணே, இவ்வளவு யாரு கேட்டது?"

"நீங்கதான்."

"நானா?"

"பின்ன நானா? நேத்து சாயங்காலம் மலை மாதிரி காலிப் பெட்டி ஏத்தி விட்டீங்க. எத்தனை காலி போச்சோ அத்தனை நிறைஞ்சு வந்திருக்கு. நீங்க போட்ட சட்டம்தானே?"

அவள் போட்ட சட்டம்தான்.

அந்தக் கார் தொழிற்சாலையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். சம்பளச் சீட்டில் இருப்பது ஒன்று. அதைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இன்னொன்று, 'காலி மேடம்'. வேலைக்குச் சேர்ந்த வாரம் நடந்த கூட்டத்தில், தொப்பையும் நரையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே எழுந்து நின்று, "கார் செய்யற இடத்தைவிட சாமான் குவிச்சு வெச்சிருக்கற இடம் பெருசா இருக்கு. இது ஃபாக்டரியா, குடோனா?" என்று கேட்டுவிட்டாள். காலேஜில் பட்டம் வாங்கச் சில வருஷங்கள் ஆயின. இந்தப் பட்டம் தேநீர் ஆறுவதற்குள் கிடைத்தது.

அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் பணிவாகப் பேசக் கற்றுக்கொடுக்க வீட்டில் யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. கூட்டத்தில் எப்போது தலையாட்டணும், எப்போது இருமணும், எந்த முட்டாள்தனத்துக்கு 'அருமை சார்' சொல்லணும் என்பதெல்லாம் அப்பனும் தாத்தனும் ஆபீசில் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு வரும். அவளுக்கு வரவில்லை. வந்தது கோபம் மட்டும்தான். அதை வைத்தே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய மேனேஜருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'இருக்கட்டும் சார்'. எதைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டாலும், "எதுக்கும் இருக்கட்டும்மா" என்பார். மூடி தொலைந்த பேனாவையும், பேனா தொலைந்த மூடியையும் தனித்தனி டிராயரில் வைத்திருப்பவர். அவை இரண்டும் ஜோடி என்று சொன்னபோது, "அப்படியா? சரி, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

அவரிடம் போராடித்தான் அவள் புது முறையைக் கொண்டுவந்தாள். முறை ரொம்பச் சுலபம். லைனில் ஒரு பெட்டி கண்ணாடி தீர்ந்தால், அந்தக் காலிப் பெட்டி லாரியில் ஏறிக் கண்ணாடி கம்பெனிக்குப் போகும். அங்கே அதைப் பார்த்தவுடன் நிரப்பி அனுப்ப வேண்டும். காலிப் பெட்டிதான் ஆர்டர். போன் கிடையாது, கெஞ்சல் கிடையாது, 'நம்ம ஆளு சொல்லியிருக்காரு' கிடையாது. நிரப்பி வராவிட்டால் அபராதம். அதுவும் கண்ணாடி கம்பெனிக்காரர் படித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்த மாதிரியான அபராதம். இனி ஷெட்டில் மாதக்கணக்குக்குச் சாமான் அடுக்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வெள்ளிக்கிழமை சேர்மன் வருகிறார். ஷெட்டைத் திறந்து பார்ப்பார். காலியாக இருந்தால் அவளுக்கு வேலை பர்மனென்ட். முறையும் அவருடைய மற்ற இரண்டு ஆலைகளுக்குப் போகும். சாமான் குவிந்து கிடந்தால், அவள் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். வீட்டில் அம்மா ஏற்கெனவே தெரு முழுக்க, "கார் கம்பெனியே என் பொண்ணு சொல்படிதான் ஓடுது" என்று பரப்பி வைத்திருந்தாள். அதனால் தெரு வழியாக வீட்டுக்குப் போவது நடக்காத காரியம்.

அப்படியிருக்க, இத்தனை காலிப் பெட்டி எங்கிருந்து வந்தது?

"நான்தாம்மா ஏத்தினேன்" என்றார் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர், வண்டியிலிருந்து தலையை நீட்டி. அவரை ஆலையில் எல்லோரும் 'கடமை' என்பார்கள். மழையில் நனைந்துகொண்டே தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர். அன்று ஊற்ற வேண்டியது அவர் முறை.

"எந்தப் பெட்டிண்ணே?"

"ஷெட்டைச் சுத்தம் பண்ணச் சொன்னீங்கள்ல? அதுல பழைய நீலப் பெட்டி ஏகப்பட்டது இருந்துச்சு. மேனேஜர் சார் எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருந்தது. வெளிய எடுத்துப் போட்டீங்க."

"காயலான்கடைக்குப் போடறதுக்குண்ணே!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? 'காலிப் பெட்டியை எங்க பாத்தாலும் லாரியில ஏத்துங்க, யாரையும் கேக்காதீங்க'ன்னீங்க. ஏத்திட்டேன்."

"சிவப்புப் பெட்டி?" வலப்பக்கக் கண்ணாடிகள் சிவப்புப் பெட்டியில் வரும்.

"அதெல்லாம் ஆளாளுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் செடி வெச்சுட்டாங்க."

ஆக, செடி வளர்க்கிற ஆசை இருந்ததால் உலகத்தில் பாதிக் கண்ணாடி தப்பித்தது.

"சரி, இறக்க வேண்டாம்ண்ணே" என்றாள் டிரைவரிடம். "அப்படியே திருப்பிக் கொண்டு போயிடுங்க."

"முடியாது தங்கச்சி. போகும்போது காலிப் பெட்டி மட்டும்தான் ஏத்தணும். நிறைஞ்ச பெட்டியோட கேட்டைத் தாண்டினா சரக்கைத் திருடினதா கேஸ்."

"எவன் போட்ட சட்டம் அது?"

டிரைவர் பல்குத்தும் குச்சியை எடுத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார். "நீங்க."

கண்ணாடி கம்பெனியில் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் ஆளுக்குப் போன் போட்டாள். எதற்கும் நடுங்குகிற மனிதர். அவள் குரல் கேட்டதுமே எழுந்து நின்றிருப்பார். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது.

"மேடம், கண்ணாடி வந்துச்சா மேடம்? குறையேதும் இல்லையே மேடம்?"

"குறையே இல்லை சார், அதான் பிரச்சினை. இனிமே இடப்பக்கக் கண்ணாடி அனுப்பாதீங்க. நிறுத்துங்க."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. பரீட்சையில் கேள்வி சுலபமாக வந்த மாணவனின் சிரிப்பு.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். டெஸ்ட் பண்றீங்க."

"டெஸ்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்."

"'நானே போன் பண்ணி அழுதாலும் கேக்காதீங்க, காலிப் பெட்டிதான் பேசணும்'னு சொன்னீங்க மேடம். பெரிய எழுத்துல எழுதி சுவத்துல மாட்டியிருக்கோம். நீங்க எவ்வளவு கேட்டாலும் நாங்க அசையமாட்டோம் மேடம். காலிப் பெட்டி வந்தா, எங்கயாவது புரட்டியாவது நிரப்பி அனுப்பிடுவோம். கவலையே படாதீங்க."

போனை வைத்துவிட்டு அவள் தன்னுடைய தெளிவான பேச்சை முதன்முதலாக நொந்துகொண்டாள். இந்த ஊரில் சொன்னதை யாரும் கேட்பதில்லை என்றுதான் இத்தனை நாள் ஆத்திரப்பட்டிருக்கிறாள். கேட்டால் இப்படித்தான் இருக்கும் போல.

லாரியை நிறுத்தி வைத்தால் பின்னால் வரும் டயர் லாரியும் சீட் லாரியும் உள்ளே வர முடியாது. இறக்கினார்கள். ஷெட் நிறைந்தது.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். "என்னடி, பர்மனென்ட் ஆயிடுச்சா?"

"வெள்ளிக்கிழமைம்மா."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"சரி, நாளைக்குக் கேக்கறேன்."

அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனைதான். அவளுடைய எல்லா யோசனைகளும் தோன்றும்போது நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, அட்டை விரித்து, கேன்டீனுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஹாலில் அடுக்கிவிடலாம். இடம் கச்சிதமாக அடங்கும். காலிப் பெட்டிகள் மட்டும் 'கடமை' கண்ணில் படாத இடத்தில் இருந்தால் போதும். சேர்மன் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக லைனுக்கு விட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆலையில் 'கடமை' கால் வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். பெண்கள் கழிப்பறை.

பெண்கள் கழிப்பறை பெரியது. அதைக் கட்டியவர்கள் ஒருநாள் நிறையப் பெண்கள் வருவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்; வேலைக்கு எடுத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அதனால் முக்கால்வாசி காலி. மடக்கிய பெட்டிகளை அவளே ஒவ்வொன்றாகச் சுமந்து போய்ச் சுவரோரம் அடுக்கினாள். முதுகு விட்டுப் போனது. ஆனால் கதவைச் சாத்தியபோது, வாழ்க்கையில் முதன்முறையாக அந்த ஆலையின் ஆண்கள் மீது அவளுக்கு நன்றி வந்தது.

மறுநாள் காலை லாரி ஹார்ன் கேட்டது.

"இறக்கட்டுமா தங்கச்சி?"

அவள் ஓடினாள். கூரை முட்ட நீலப் பெட்டிகள்.

"எப்படிண்ணே? எப்படி?"

'கடமை' ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து பெருமையாக இறங்கி வந்தார். "நேத்து நீங்க கிளம்பினதும் சுத்தம் பண்ற அக்கா வந்து சொல்லுச்சு, லேடீஸ் பாத்ரூம்ல காலிப் பெட்டி மறந்து கிடக்குன்னு. நான் உள்ள போகலைம்மா. சத்தியமா போகலை. அது ஒவ்வொண்ணா வெளிய நீட்டுச்சு, நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன்."

"அண்ணே, நான்தான் அங்க வெச்சேன். நான் வெச்சதை எதுக்கு எடுத்தீங்க?"

"நீங்களே சொன்னாலும் கேக்கக்கூடாதுன்னு..."

"நான்தான் சொன்னேன். தெரியும். போங்க."

இப்போது ஹால் நிறையக் கண்ணாடி, ஷெட் நிறையவும் கண்ணாடி. 'இருக்கட்டும் சார்' வந்து இரண்டையும் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில், தொலைந்து போன பேரன் திரும்பி வந்தவர் மாதிரி ஒரு மலர்ச்சி.

"ஷெட்டு நிறைஞ்சு பாத்து எவ்வளவு நாளாச்சு! இப்பதாம்மா ஃபாக்டரிக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

"சார், வெள்ளிக்கிழமை சேர்மன் வந்தா என்னை வெளிய அனுப்பிடுவாரு சார்."

"அட ஆமால்ல." அவர் யோசித்தார். "சரி, ஒரு கண்ணாடி நான் எடுத்துக்கறேன். ஒண்ணு குறையும்ல?"

எடுத்துக்கொண்டு போய்த் தன் கம்ப்யூட்டரின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டார். பின்னால் யார் வருகிறார்கள் என்று இனி திரும்பாமலே தெரியும். அதற்குள் சீட்டாட்டத்தை மூடிவிடலாம்.

அதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பெயிண்டிங் பிரிவில் ஆளுக்கொன்று சட்டை மாட்டும் ஆணியில் மாட்டித் தலை வாரிக்கொண்டார்கள். வாட்ச்மேன் நாற்காலியில் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காவல் காத்தார். கேன்டீன்காரர் வரிசைக்கு நடுவே தாவி வருகிறவர்களைப் பிடிக்க இரண்டு வைத்துக்கொண்டார். அந்த ஆலையில் அதற்கு முன் இத்தனை பேர் ஒரே சமயத்தில் அழகாக இருந்ததில்லை. லைனில் பாட்டுச் சத்தம் கேட்டது. காலையில் முகம் சுளித்துக்கொண்டே வரும் வெல்டர்கூடத் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளையே அவள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் தோற்று உட்கார அவளுக்குத் தெரியாது. இரண்டாவது யோசனை வந்தது. பெட்டி காலியாக இருந்தால்தானே ஆர்டர்? காலியாகவே விடாமல் இருந்தால்? லைனில் தீர்ந்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கிழிந்த அட்டையைத் திணித்து, மூடியை அழுத்திச் சாத்தினாள். அசைத்துப் பார்த்தாள். கனமாக, நிறைவாக, யோக்கியமாக இருந்தது.

'கடமை' வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "நிறைஞ்சிருக்கே."

"நிறைஞ்சிருக்குண்ணே."

"நிறைஞ்ச பெட்டி லைன்லதானே இருக்கணும்?" என்றவர், அவள் வாய் திறப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய் அடுக்கின் முன் வரிசையில் வைத்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் லைனின் சிவப்பு விளக்கு எரிந்தது. இடப்பக்கம் கண்ணாடி மாட்டுகிற ஆள், கையில் ஒரு கிழிந்த அட்டையை வைத்துக்கொண்டு, அதைக் காரின் எந்தப் பக்கம் மாட்டுவது என்று உண்மையாகவே குழம்பிப் போய் நின்றிருந்தான்.

"கண்ணாடி கம்பெனிக்காரன் அட்டை அனுப்பியிருக்கான் மேடம்!" என்று லைன் சூப்பர்வைசர் கத்தினார். "தப்பான சரக்கு வந்தா ஒண்ணுக்கு ரெண்டா அவசரமா அனுப்பணும்னு சட்டம் இருக்குல்ல? அனுப்பச் சொல்லிப் பெட்டியைத் திருப்பிட்டேன்!"

"யாரு சட்டம்?" என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையைத் தாண்டியிருந்தாள்.

வியாழக்கிழமை இரண்டு லாரிகள் வந்தன. கூடவே டெஸ்பாட்ச் ஆள் போன். அழுதேவிட்டார்.

"அட்டை எப்படி வந்துச்சுன்னே தெரியல மேடம். என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் கண்ணாடிதான் வெச்சேன் மேடம். பேக்கிங் பண்ற ரெண்டு பேரையும் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்துட்டேன். அவங்களும் அழறாங்க மேடம்."

இந்த ஒன்றை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. "சார், அவங்களைத் திட்டாதீங்க. அட்டையை வெச்சது நான்தான்."

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

"எவ்வளவு பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்று மூக்கை உறிஞ்சினார் அவர். "எங்க தப்பை உங்க மேல போட்டுக்கறீங்க."

"ஐயோ, உண்மையைச் சொல்றேன் சார்!"

"இன்னும் ஒரு லோடு சேர்த்து அனுப்பறேன் மேடம். அதையும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை. அம்மா வழக்கம் போல் கேட்டாள். "ஆயிடுச்சா?"

"இன்னிக்குத் தெரியும்மா. ஒருவேளை நான் வீட்டுக்குச் சீக்கிரமே வந்தா, பின்வாசலைத் திறந்து வை."

"எதுக்குடி?"

"காத்து வரட்டும்."

சேர்மன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். உயரமான மனிதர், பேச்சு கம்மி, பார்வை அதிகம். கேட்டிலேயே வாட்ச்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு சல்யூட் அடித்தார். கேன்டீன் ஹால் பக்கம் போகாமல் 'இருக்கட்டும் சார்' சாமர்த்தியமாக அவரைத் திருப்பினார். திருப்பியது ஷெட் பக்கம்.

"சார், அங்க வேண்டாம் சார்" என்று அவள் முணுமுணுத்தாள்.

"அட, பழக்க தோஷம்மா" என்றார் அவர், வியர்த்துக்கொண்டே.

"இதுதான் நீங்க காலி பண்ணின ஷெட்டா?" என்றார் சேர்மன். "திறங்க."

'கடமை' திறந்தார். எதைத் திறக்கச் சொன்னாலும் முழுசாகத் திறப்பவர்.

வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் திரும்பி வந்து எல்லோர் கண்ணிலும் அடித்தது. பெட்டியோடு வைக்க இடம் போதாமல் எடுத்து அட்டை மேல் நிறுத்தி வைத்த கண்ணாடிகள், தரையிலிருந்து கூரை வரை. ஒவ்வொன்றிலும் ஒரு சேர்மன். சின்னச் சேர்மன்கள், கோணல் சேர்மன்கள், மூக்கு மட்டும் தெரிகிற சேர்மன்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் புருவத்தை உயர்த்தினார்கள்.

சேர்மன் காலரைச் சரிசெய்துகொண்டார். யாராக இருந்தாலும் கை தானாகப் போகும்.

"இது என்ன?"

'இருக்கட்டும் சார்' தொண்டையைக் கனைத்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு..."

"சார், அவர் இல்ல" என்று அவள் முன்னால் வந்தாள். குரல் நடுங்கியது, நடுங்கியதில் அவளுக்கே கோபம் வந்து, சத்தம் கூடியது. "இது என்னோட வேலை. நான் போட்ட சட்டம்தான். ஒண்ணைச் சரி பண்ணப் போய் ஒண்ணு கெட்டு..."

சேர்மனின் போன் அடித்தது.

கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு எடுத்தார். கேட்டார். முகம் கறுத்தது. "என்ன சொல்றீங்க? முழுசா நின்னுடுச்சா?" போனை வைத்தார். வைத்ததுமே மறுபடி அடித்தது. "அங்கயுமா? இடப்பக்கக் கண்ணாடியா? ஒண்ணுகூடவா இல்லை?"

மெல்லப் போனைப் பைக்குள் போட்டார். ஷெட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நூற்றுக்கணக்கான சின்னச் சேர்மன்களும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னோட மத்த ரெண்டு ஃபாக்டரியும் நின்னுடுச்சு" என்றார். "இடப்பக்கக் கண்ணாடி இல்லாம. நாலு நாளா ஒரு பெட்டிகூடப் போகலையாம். கண்ணாடி கம்பெனியில கேட்டா இன்னிக்கு நாளைக்குன்னு இழுக்கறாங்களாம்."

அவர் ஷெட்டுக்குள் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"தட்டுப்பாடு வரப்போகுதுன்னு உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் அவள், உள்ளதை உள்ளபடி. "இது தப்பா வந்த சரக்கு. எனக்கே எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

சேர்மன் மேனேஜரிடம் திரும்பினார். "பாத்தீங்களா? இந்தக் காலத்துப் பசங்ககிட்ட இந்த அடக்கத்தை எங்கய்யா பாக்க முடியுது?"

"அடக்கமா?" என்று 'கடமை' வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"வலப்பக்கம் ஒண்ணுகூட அதிகமா வாங்கல. எது தட்டுப்பாடோ அதை மட்டும் வாங்கியிருக்காங்க. என்ன ஒரு கணிப்பு!" சேர்மன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அம்மா, உங்க வேலை இன்னிலேருந்து பர்மனென்ட். திங்கள்கிழமையே உங்க காலிப் பெட்டி முறையை மத்த ரெண்டு ஃபாக்டரியிலயும் கொண்டுவரணும். மூணுக்கும் நீங்கதான் பொறுப்பு. மொதல்ல இந்தக் கண்ணாடியை ரெண்டு இடத்துக்கும் பிரிச்சு அனுப்புங்க!"

கைதட்டல் எழுந்தது. லைனில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். வெல்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கைதட்டினார். 'இருக்கட்டும் சார்' கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னேன்ல, எதுக்கும் இருக்கட்டும்னு!" என்று எல்லோரிடமும் போய்ப் போய்ச் சொன்னார். வாழ்நாள் முழுக்க வைத்திருந்தது கடைசியில் ஒருநாள் பயன்பட்டுவிட்டது அவருக்கு.

அவள் போனை எடுத்தாள். "அம்மா, ஆயிடுச்சும்மா."

மறுமுனையில் அம்மா தெருவுக்கே ஓடிவிட்டாள். அவள் ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று கத்துவது போனில் தேய்ந்து தேய்ந்து கேட்டது. இந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் முதன்முறையாக, ஷெட்டிலிருந்த அத்தனை கண்ணாடிகளிலும் அவளும் சிரித்தாள். எப்படி நடந்தது என்று புரியாவிட்டால்தான் என்ன? உலகத்தில் எத்தனையோ பேர் எதுவும் புரியாமலே பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருநாள் அவளும் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே.

வெளியே ஹார்ன் சத்தம். லாரி டிரைவர் இன்னொரு லோடோடு வந்து நின்றிருந்தார். டெஸ்பாட்ச் ஆள் பெரிய மனசுக்காக அனுப்பியது.

"இறக்கட்டுமா தங்கச்சி?"

"வேண்டாம்ண்ணே!" அவள் துள்ளி ஓடினாள். "இறக்க வேண்டாம். லாரியில மிச்சம் இருக்கற இடத்துல ஷெட்டுல இருக்கறதையும் ஏத்துங்க. எங்க சேர்மனோட மத்த ரெண்டு ஃபாக்டரிக்குப் போகணும். பாவம், அங்க ஒரு கண்ணாடிகூட இல்லாம லைனே நின்னு போச்சாம்!"

டிரைவர் பல்குத்தும் குச்சியை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லா இருக்கு போங்க தங்கச்சி! இந்த நாலு நாளும் அந்த ரெண்டு ஃபாக்டரிக்குப் போய்க்கிட்டிருந்த லோடைத்தானே, 'காலி மேடத்தோட பெட்டி வந்திருக்கு, அபராதம் போட்டுடுவாங்க, வண்டியைத் திருப்பு'ன்னு பாதி வழியில திருப்பி உங்ககிட்ட அனுப்பினாங்க!"